சின்ன ஊரில் குடும்ப ஆலோசகரைத் தேடுவது எப்படி?

பெரிய நகரத்தில் கவுன்சலர் தேடுகிறவர், இத்தனை பேரில் யாரைப் பார்ப்பது என்று குழம்புவார். சின்ன ஊரில் கவலையே வேறு. இருப்பது ஒருவரோ இருவரோதான். அவரும் உங்கள் மாமியாரோடு படித்தவராக இருப்பார், இல்லையென்றால் அவர் பிள்ளையும் உங்கள் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். அங்கே காத்திருக்கும்போது தெரிந்த முகம் ஏதாவது உள்ளே வந்துவிடுமோ என்ற பயத்திலேயே வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. நானும் எங்கள் வீட்டு விஷயத்தை ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டேன். அதற்குள் சிக்கல் இன்னும் இறுகித்தான் போனது. முதல்முறை தேடுகிறவர்கள் அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேடும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் எதையும் மறைக்காமல் பேச முடியுமோ அவரே உங்களுக்கு வேண்டியவர். அவர் பக்கத்துத் தெருவில் இல்லாமல் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை.

படி 1: முதலில் நான்கு வரி எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, என்ன நடக்கிறது, எப்போதிலிருந்து நடக்கிறது, யாரையெல்லாம் பாதிக்கிறது, எது மாறினால் போதும் என்று எழுதுங்கள். "எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை" என்று எழுதினால் அதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. நான் எழுதியது இது: "மகன் நான்கு மாதமாக அப்பாவிடம் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். அவனைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கும் அவருக்கும் சண்டை வருகிறது. வாரத்தில் ஒரு வேளையாவது மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும்."

கடைசி வரியைச் சின்னதாக வைத்ததுதான் பின்னால் பெரிய உதவியாக இருந்தது. நிலைமை மாறியதா இல்லையா என்று அதை வைத்துப் பார்க்க முடிந்தது.

எழுதியதில் அடி, மிரட்டல், உயிரை விட்டுவிடும் எண்ணம் ஏதாவது இருந்தால் மேலே படிக்க வேண்டாம். அதற்கு வாரக்கணக்கில் ஆள் தேடிக்கொண்டிருக்க முடியாது. அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது உங்கள் நாட்டு நெருக்கடி உதவி எண்ணை அழையுங்கள். நம்பிக்கையான ஒருவரைக் கூடவே இருக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், வீட்டில் ஒருவருக்குப் புதிதாகச் சோர்வு, எரிச்சல், தூக்கமின்மை வந்திருந்தால் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மனச்சோர்வு போலவே இருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

படி 2: யார் என்ன செய்வார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் சோதனைகள் வைத்து மதிப்பிடுவார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். மனநலப் பிரிவில் வேலை செய்யும் சமூகப் பணியாளர்கள் பலர் குடும்பங்களோடு பேசுவதில் நல்ல பயிற்சி உள்ளவர்கள். கவுன்சலர் என்ற சொல்லில்தான் கவனம் வேண்டும். பல நாடுகளில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம், சட்டத்தில் தடை கிடையாது.

ஃபேமிலி தெரபிஸ்ட், அதாவது குடும்பத்தை முழுதாக வைத்துச் சிகிச்சை தருபவர், பார்க்கும் பார்வை கொஞ்சம் வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் 1954 முதல் 1959 வரை அந்நாட்டுத் தேசிய மனநல நிறுவனத்தில் ஒரு ஆராய்ச்சி நடத்தினார். ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ளவரோடு அவர் குடும்பத்தையும் வார்டிலேயே தங்க வைத்துக் கவனித்தார். இரண்டு பேருக்கு நடுவே இறுக்கம் கூடும்போது மூன்றாவது ஒருவரை உள்ளே இழுத்து அந்த இறுக்கத்தைத் தணித்துக்கொள்கிறோம் என்று பின்னர் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் முக்கோணம். எங்கள் தாளை மறுபடி பாருங்கள். அப்பா, அம்மா, மகன். அவன் பேசாததை அவனுடைய பிரச்சினையாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் படத்தில் நானும் ஒரு மூலையில் இருக்கிறேன் என்று புரிந்தபோது கொஞ்சம் வலித்தது. பாரமும் இறங்கியது.

படி 3: தேடும் வட்டத்தைப் பெரிதாக்குங்கள்

இணையத்தில் ஊர்ப் பெயரோடு தேடினால் பெரும்பாலும் கை விரலுக்குள் அடங்கும். மற்ற வழிகளையும் தட்டிப் பாருங்கள். குடும்ப டாக்டரிடம் கேளுங்கள், எந்த ஆலோசகர் எப்படி நடந்துகொள்கிறார் என்ற தகவல் அவரிடம் வந்து சேரும். பள்ளி ஆலோசகர், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, மகப்பேறு பிரிவில் இருக்கும் சமூகப் பணியாளர், பெண்களுக்கான உதவி அமைப்புகள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். உளவியல் துறை உள்ள பல்கலைக்கழகங்களையும் விட்டுவிட வேண்டாம். சிலவற்றில் பயிற்சி மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்கள். மாணவர்தானே என்று நினைக்காதீர்கள், அவர் உங்களிடம் பேசியதை அனுபவசாலி ஒருவர் கூடவே அலசிக்கொண்டிருப்பார்.

இப்படிக் கேட்கும்போது உங்கள் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. "குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிற கவுன்சலர் யாராவது தெரியுமா?" என்று மட்டும் கேளுங்கள். யாருக்கு என்று கேட்டால், "தெரிந்த ஒருவருக்கு" என்று சொன்னால் போதும்.

நான்கைந்து பெயர் சேர்ந்ததும் ஒவ்வொருவரின் படிப்பையும் பதிவையும் பாருங்கள். உங்கள் நாட்டில் உளவியலாளர்களுக்கோ தெரபிஸ்டுகளுக்கோ பதிவு மன்றம் இருந்தால் அதன் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சில நாள் பயிற்சியின் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவரும் இருப்பார், பல வருடம் படித்துவிட்டுச் சுவரில் ஒன்றுமே மாட்டாதவரும் இருப்பார்.

படி 4: பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு

இதைத்தான் நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நேராக நேரம் வாங்கி, போய் உட்கார்ந்து, பணம் கட்டிய பிறகுதான் இவர் நமக்குச் சரிவர மாட்டார் என்று தெரிகிறது. அந்த ஏமாற்றத்தில் தேடலையே விட்டுவிடுகிறார்கள். முதலில் போனில் பேசுங்கள். பெரும்பாலான ஆலோசகர்கள் சில நிமிடம் பேசத் தயங்க மாட்டார்கள்.

நான் முதல்முறை கூப்பிட்டது நிறுத்தி வைத்த காருக்குள் இருந்து. கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்தத் தாளை ஸ்டியரிங்மேல் விரித்து வைத்திருந்தேன். கை வியர்த்து மூன்றாவது வரி அழிந்தே போனது.

"மேடம், தொடங்குவதற்கு முன்னால் ஒன்று கேட்கணும். எங்கள் ஊர் சின்னது. எங்கள் குடும்பத்தை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம்."

"உங்கள் பெயரையும் கணவர் பெயரையும் மட்டும் சொல்லுங்கள். தெரிந்தவர்களாக இருந்தால் நானே சொல்லிவிடுகிறேன்."

சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"உங்கள் நாத்தனாரை எனக்கு நன்றாகத் தெரியும், அடிக்கடி சந்திக்கிறவர்கள். நான் உங்களைப் பார்ப்பது சரியாக இருக்காது. நீங்கள் கூப்பிட்டது என்னோடு இருக்கும். வேறு ஊரில் இருக்கும் இரண்டு பேரின் எண் தருகிறேன், குறித்துக்கொள்கிறீர்களா?"

போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்தா என்று. ஆனால் யோசித்துப் பார்த்தால், அன்று எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த உதவி அதுதான். அவர் என்னைப் பார்க்க ஒத்துக்கொண்டிருந்தால் நாத்தனார் பெயர் வரும் இடமெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அவர் தந்த இரண்டு எண்களில் ஒன்றுதான் எங்களுக்கு அமைந்தது.

அறிமுகம் இருப்பதாலேயே எல்லாரும் மறுக்க வேண்டும் என்றில்லை. சின்ன ஊரில் துளி அறிமுகம்கூட இல்லாத ஆள் கிடைப்பது கஷ்டம். ஒரே கடையில் பொருள் வாங்குவது ஒரு சிக்கலே இல்லை. உறவினர், நெருங்கிய நண்பர், மேலதிகாரி, பண விஷயத்தில் தொடர்புள்ளவர் என்றால்தான் விலக வேண்டும். நடுவில் நிற்கும் விஷயங்களில், "தெரிந்தவர் என்றால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்று பாருங்கள். நிதானமாக யோசித்துச் சொன்னால் நல்லது. "அதெல்லாம் ஒன்றும் இல்லை, வாங்க" என்று தள்ளிவிட்டால் நான் அடுத்த எண்ணுக்குப் போவேன். பேச்சுக்கு நடுவே வேறு யாருடைய வீட்டுக் கதையையாவது அடையாளம் தெரியும்படி சொன்னாலும் அப்படியே. நாளைக்கு உங்கள் கதையும் அப்படித்தான் போகும்.

அதே பேச்சில் கேட்க வேண்டிய இன்னும் சில: முழுக் குடும்பத்தையும் சேர்த்துப் பார்த்த அனுபவம் உண்டா? ஒரு சந்திப்பு எவ்வளவு நேரம், கட்டணம் எவ்வளவு? பொதுவாக 45 முதல் 60 நிமிடம் இருக்கும், குடும்பமாகப் போனால் கூடலாம். வெளியில் எதிரே பார்த்தால் என்ன செய்வார்? நல்ல ஆலோசகர், "நீங்களாகப் பேசினால்தான் பேசுவேன்" என்பார். வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காதபடி நேரம் விட்டுத் தருவாரா என்றும் தாராளமாகக் கேட்கலாம்.

படி 5: ரகசியம் எதுவரை?

எந்த ஆலோசகரும் முழு ரகசியம் என்று வாக்குக் கொடுக்க முடியாது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்றால், நீதிமன்றம் கேட்டால், பல நாடுகளில் அவர் வெளியே சொல்ல வேண்டியிருக்கும். 1976-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் டாராசாஃப் வழக்கில், நோயாளியால் ஆபத்துக்குள்ளாகும் மனிதரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று சொன்னது. இந்த வரம்புகளை முதல் சந்திப்பிலேயே அவராகவே சொல்ல வேண்டும்.

குடும்பமாகப் போகிறவர்கள் கூடுதலாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. "நான் தனியாக வந்து ஒன்றைச் சொன்னால் அதை என் கணவரிடம் சொல்வீர்களா?" சிலர் தனியாகச் சொன்னதைத் தனியாகவே வைத்துக்கொள்வார்கள். சிலர், எந்த ரகசியத்தையும் வைத்துக்கொள்வதில்லை என்று முன்பே சொல்லிவிடுவார்கள். இரண்டுமே நியாயமான முறைதான். எது என்று தெரியாமல் வாயைத் திறந்தால்தான் ஆபத்து.

படி 6: ஊரிலும் பக்கத்திலும் அமையாவிட்டால்

வீடியோவில் பார்ப்பவரைத் தேடுங்கள். அவர் பதிவு உங்கள் பகுதிக்குச் செல்லுமா என்று கேளுங்கள், சில நாடுகளில் அதற்கு விதி இருக்கிறது. வீட்டுக்குள் தனிமைதான் பெரிய சிக்கல். காதில் ஹெட்செட், கதவுக்கு வெளியே ஓடும் ஃபேன், இல்லாவிட்டால் மரத்தடியில் நிறுத்திய வண்டி. குடும்பமாகப் பேசும்போது ஒரே போனைச் சுற்றி நெருக்கியடித்து உட்காராதீர்கள். எல்லார் முகமும் தெரியும்படி சற்றுத் தள்ளி வையுங்கள்.

பட்டம் பெற்றவர் யாருமே கிடைக்காத இடங்களும் இருக்கின்றன. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர்கள் மிக மிகக் குறைவு. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் ஹராரே நகரில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரப் பெஞ்சில் உட்கார வைத்தார். வருகிறவர்களோடு அவர்கள் பேசிய சொல் "குஃபுங்கிசிசா", ஷோனா மொழியில் யோசனை அதிகமாகிப் போவது என்று பொருள். நட்புப் பெஞ்சு என்ற அந்தத் திட்டத்தைப் பற்றி 2016-இல் ஜாமா மருத்துவ இதழில் ஆய்வு வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பைச் சற்று மேம்பட்ட வடிவில் பெற்றவர்களைவிட இப்படிப் பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்களிடம் பேசியவர்களுக்கு அறிகுறிகள் குறைவாக இருந்தன. ஆகவே உங்கள் பகுதியில் பயிற்சி பெற்ற தன்னார்வலர் இருந்தால் தயங்காமல் போங்கள். இரண்டு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள், உங்களால் முடியாது என்று தோன்றினால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

படி 7: ஒருவர் வர மறுத்தால்

எங்கள் வீட்டில் மகன் வரவில்லை. பரவாயில்லை, வருகிறவர்கள் வாங்க என்றார் ஆலோசகர். முக்கோணத்தில் ஒரு மூலை நகர்ந்தால் மற்ற இரண்டும் பழையபடி இருக்க முடியாது. ஆறாவது சந்திப்புக்கு அவனாகவே வந்து காரின் பின் சீட்டில் உட்கார்ந்தான்.

வீட்டில் ஒருவர் இன்னொருவரை அடித்தோ பயமுறுத்தியோ கட்டுப்படுத்துகிறார் என்றால் மட்டும் சேர்ந்து போக வேண்டாம். அறையில் உண்மை பேசியதற்கு வீட்டில் விலை கொடுக்க வேண்டி வரும். பாதிக்கப்பட்டவர் தனியாகப் போய்ப் பேசட்டும், முதலில் அவருடைய பாதுகாப்பு.

படி 8: மூன்று சந்திப்புக்குப் பிறகு தாளை எடுங்கள்

எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இல், ஆலோசகருக்கும் வருகிறவருக்கும் உள்ள உறவில் மூன்றைப் பார்க்கச் சொன்னார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் ஒப்புதல், அதற்கு என்ன செய்கிறோம் என்பதில் ஒப்புதல், இருவருக்கும் நடுவே உள்ள பிணைப்பு. அந்த நான்கு வரியை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். மூன்று சந்திப்பில் குணமாகிவிடாது. ஆனால் அவர் உங்கள் நான்காவது வரியை ஞாபகம் வைத்திருக்கிறாரா, வீட்டில் எல்லார் பக்கத்தையும் கேட்கிறாரா, ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாரா என்பது தெரிந்துவிடும்.

சரிவரவில்லை என்றால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள், சின்ன ஊரில் அவரை மறுபடி பார்க்க வேண்டி வரும். "இது எங்களுக்கு ஒத்துவரவில்லை. வேறு யாரைப் பார்க்கலாம் என்று சொல்ல முடியுமா? இதுவரை பேசியதை அவருக்கு ஒரு பக்கத்தில் எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். எழுதித் தந்தால் உறையை ஒட்டும் முன் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, அடுத்த எண்ணைக் கூப்பிடுங்கள்.