பழைய புறாத் துப்பாக்கி வாங்குவோர் செய்யும் தவறுகள்

உரிமம் இல்லாமல் வாங்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள். இங்கிலாந்தில் புறாச் சுடும் போட்டிக்கென்றே செய்த இரட்டைக் குழல் துப்பாக்கிகளைத் தேடிவரும் புதியவர்கள் வேறு சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

சோக்கைக் கடைந்தெடுப்பது

குழலின் வாய் சற்றே குறுகியிருப்பதுதான் சோக். ஈய ரவைகள் அதிகம் சிதறாமல் நெருக்கமாகப் போகும். 1875இல் லண்டனில் 'த ஃபீல்ட்' பத்திரிகை நடத்திய சோதனையில் பர்மிங்காம் துப்பாக்கித் தயாரிப்பாளர் கிரீனரின் சோக் குழல்கள் வென்றன. புறாப் போட்டிக்கு அது மிகவும் பொருந்தியது. லண்டனின் ஹர்லிங்ஹாம் கிளப்பிலும் மான்டே கார்லோவிலும் புறாக்களை அடைத்த ஐந்து பெட்டிகளில் எது திறக்கும் என்று சுடுபவருக்குத் தெரியாது. புறா எல்லைக்குள் விழுந்தால்தான் கணக்கு. தாண்டி விழுந்தால் செத்தாலும் பயனில்லை. அதனால்தான் அந்த இறுக்கமான சோக்.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் 30 அங்குலக் குழல்களோடு அருமையான 12 போர் (குழல் விட்ட அளவு) துப்பாக்கி ஒன்றை வாங்கினார். வானில் எறியும் களிமண் தட்டுகளைச் சுட வசதியாக இருக்கும் என்று யாரோ சொல்ல, இரண்டு சோக்கையும் பட்டறையில் கடைந்துவிட்டார். குழலின் அடியில் 'நாட் ஃபார் பால்' (ஒற்றைக் குண்டு சுட அல்ல) முத்திரை பளிச்சென்று இருக்கிறது. 1875 முதல் 1887 வரை சோக் குழல்களுக்கு இங்கிலாந்தில் குத்திய முத்திரை அது. முத்திரை இருக்கிறது, சோக் இல்லை! விற்கப் போனபோது, உள்விட்டத்தை அளந்ததுமே வாங்க வந்தவர்கள் நழுவினார்கள். கடைந்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. தட்டுச் சுட வேறு துப்பாக்கியா கிடைக்காது? இன்னமும் எரிச்சலாக இருக்கிறது.

சேஃப்டி பொருத்துவது

சேஃப்டி என்பது தவறிச் சுடாமல் விசையைப் பூட்டிவைக்கும் தள்ளு பொத்தான். இந்தத் துப்பாக்கிகள் பலவற்றில் அது வேண்டுமென்றே விடப்பட்டது. தள்ள மறந்தால் புறா போய்விடும்.

கனம் என்று கட்டையைக் குடைவது

ஒன்றேகால் அவுன்ஸ் ரவையின் உதைப்பைத் தாங்கத்தான் ஏழரை பவுண்டு எடை. அப்படியே விடுங்கள்.

டமாஸ்கஸ் குழலில் இன்றைய தோட்டா

இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிப் பற்றவைத்துச் செய்த பழைய குழல் அது. நைட்ரோ புரூஃப் முத்திரையையும் (புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்த அடையாளம்) சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) நீளத்தையும் நிபுணர் பார்க்கும்வரை வேண்டாம்.

1921க்குப் பிந்தியது போலி என்று ஒதுக்குவது

ஹர்லிங்ஹாம் 1905இலேயே புறாச் சுடுவதை நிறுத்தியது. 1921 சட்டம் பிரிட்டன் முழுக்கத் தடுத்தது. சரி, ஆனால் ஐரோப்பாவில் போட்டிகள் தொடர்ந்தன. லண்டன் பட்டறைகள் அவர்களுக்குச் செய்துகொடுத்தன. வரிசை எண்ணைக் கொடுத்துத் தயாரித்த நிறுவனத்திடம் கேளுங்கள். பழைய பேரேடு இருந்தால், யாருக்காக, என்ன சோக்கோடு செய்தது என்பது பல சமயம் அதிலேயே இருக்கும்.