மானாவாரி பிடி பருத்தி: டேங்க்கைத் தூக்குவதற்கு முன்

ஆடியில் மழை கிடைத்து, தருமபுரி மாவட்டம் அரூர், மொரப்பூர் பக்கம் பருத்தி ஊன்றியவர்களில் பாதிப் பேர், 'பிடி விதைதானே, பூச்சி பாதி குறையும்' என்று நினைக்கிறார்கள். 2002-இல் பிடி (Bt) பருத்தி, அதாவது புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணு சேர்த்த பருத்தி, நம் நாட்டுக்கு வந்தது காய்ப்புழுவுக்காக. பச்சைக் காய்ப்புழுவை அது இன்னும் பெருமளவு தடுக்கிறது. ஆனால் தத்துப்பூச்சி, வெள்ளை ஈ மாதிரி சாறு உறிஞ்சும் பூச்சிகளை அது ஒன்றும் செய்யாது. 2006-இல் வந்த இரண்டு மரபணு விதையையும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாங்கப் பழகிவிட்டது. எனவே நம் வேலை இந்த இரண்டு கூட்டத்தோடுதான்.

ஊன்றும்போது

பிடி அல்லாத விதை தனிப் பொட்டலமாக வந்தால் தூக்கி எறியாமல் வயலைச் சுற்றி ஊன்றுங்கள். அதில் வளரும் காய்ப்புழுவின் அந்துப்பூச்சிகள், பிடிக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றவற்றோடு சேரும்போது அந்தச் சக்தி பரவுவது மெதுவாகும். வரப்பில் தட்டைப்பயறு போட்டால் அதன் அசுவினியைத் தேடிப் பொறிவண்டு வரும்; பருத்தியின் சாறு உறிஞ்சும் பூச்சிகளையும் அது தின்னும். பக்கத்தில் வெண்டை மட்டும் வேண்டாம். பருத்திப் பூச்சிகளுக்கு அது இரண்டாவது வீடு.

வாரம் ஒரு நாள்

காலையில் போய், அங்கொன்று இங்கொன்றாக 20 செடிகளில் இலையைத் திருப்பிப் பாருங்கள். இளம்பச்சையாக, தொட்டால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நழுவுவது தத்துப்பூச்சிக் குஞ்சு. இலைக்கு சராசரியாக இரண்டு வரை இருந்தால் விட்டுவிடலாம். அதைத் தாண்டி, இலை ஓரம் மஞ்சளாகிக் கீழ்நோக்கிச் சுருண்டால் முதலில் வேப்பங்கொட்டைக் கரைசல்.

10 லிட்டர் தெளிப்பான் டேங்க்குக்கு அரைக் கிலோ வேப்பம் பருப்பு போதும். எட்டு மாதத்துக்கு மேல் பழசானால் வீரியம் இருக்காது. ஒன்றிரண்டாக இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் துணியில் கட்டிப் பிழிந்து வடிகட்டுங்கள். திப்பி இருந்தால் நாசில் அடைத்துக்கொள்ளும். அப்புறம் வயலில் நின்று ஊசி தேட வேண்டியதுதான். 20 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, 10 லிட்டராக்கி, வெயில் தாழ்ந்ததும் அடியுங்கள்.

ஒரு வருடம் அவசரப்பட்டு, கடையில் கொடுத்த பைரித்ராய்டு மருந்தை 40-ஆம் நாளே அடித்தேன். தத்துப்பூச்சி போனது, பொறிவண்டும் சேர்ந்து போனது. அடுத்த சில வாரங்களில் செடியைத் தட்டினால் வெள்ளை ஈ புகையாக எழும்பியது. கிணறு இல்லாத காட்டுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து அடித்த மருந்து அது. எரிச்சல் இன்னும் போகவில்லை.

பூ விட்ட பிறகு

45-ஆம் நாளிலிருந்து ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். பொறிக்குள் வைக்கும் லூர் (ஆண் அந்துப்பூச்சியை இழுக்கும் வாசனைக் குப்பி) இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கானதா என்று கேட்டு வாங்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள், தினமும் பொறிக்கு எட்டு அந்துப்பூச்சிக்கு மேல் விழுந்தால் மருந்துக்கான நேரம்.

பொறியை மட்டும் நம்பாதீர்கள். விரியாமல் ரோஜா மொட்டு மாதிரி முறுக்கிக்கொண்ட பூவைப் பிரித்தால் உள்ளே புழு இருக்கும்; பறித்து அழித்துவிடுங்கள். அப்புறம் 20 பச்சைக் காய்களைப் பறித்து உடையுங்கள். வெளியே ஓட்டை இருக்காது, காய் பார்க்க அழகாகவே இருக்கும். இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். இரண்டு காயில் புழு இருந்தால் பத்து சதவீதம். இனித் தள்ளிப்போடக் கூடாது. என்ன மருந்து, எவ்வளவு என்பதை வேளாண்மை உதவி அலுவலரிடமோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள். இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

கடைசி எடுப்பு முடிந்ததும்

தை மழையில் இன்னும் நாலு காய் வருமென்று செடியை விட்டுவைக்காதீர்கள். மருந்தடித்து நாளாகியிருந்தால் ஆட்டை விட்டு மேயவிடுங்கள். மிச்சக் காயையெல்லாம் தின்றுவிடும். பிறகு மாரை (பருத்திச் செடியின் தண்டை) வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அடுப்புக்கென்று வரப்பில் அடுக்கினால், ஒட்டியிருக்கும் காய்க்குள் புழு மாதக்கணக்கில் சுருண்டு கிடந்து, அடுத்த பருத்திக்கு வெளியே வரும்.