அலுமாரி மேல் கிடந்த பழைய கம்ப்யூட்டர்: சுவிட்சைப் போடுமுன்

வெள்ளவத்தைப் பக்கம் கடலோர வீடொன்றில் பதினைந்து, இருபது வருடம் கிடந்த கம்ப்யூட்டரை இறக்கியதும் பிளக்கில் செருகிப் பார்க்கத்தான் கை துடிக்கும். செருகாதீர்கள். உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் தப்பிய மதர்போட் (பாகங்கள் எல்லாம் பொருந்தும் முதன்மைப் பலகை) அந்த ஒரு நொடியில் போய்விடக்கூடும்.

முதலில் பட்டரியைப் பாருங்கள். பென்டியத்துக்கு முந்திய 386, 486 புரொசசர் காலத்துப் போட்களில் சிறிய பீப்பா வடிவில் 3.6 வோல்ட் நிக்கல்-கட்மியம் பட்டரி ஒன்றை ஈயப்பற்று வைத்துப் பொருத்தியிருப்பார்கள். அதன் காலடியில் மயில்துத்த நிறத்தில் பூத்திருந்தால், கசிந்த காரம் செப்புத் தடங்களை அரிக்கத் தொடங்கிவிட்டது. பட்டரியை வெட்டி எடுங்கள். வெள்ளை வினாகிரியைத் தொட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் நுரை அடங்கும்வரை தேய்த்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி, கடைசியாக ஐசோப்ரோபைல் அல்ககோலால் துடைத்து, ஒரு நாள் முழுக்க மின்விசிறிக் காற்றில் விடுங்கள். பென்டியம் காலப் போட் என்றால் பெரும்பாலும் சிஆர்2032 காசுப் பட்டரிதான், மாற்றினால் சரி.

அடுத்து கப்பாசிட்டர்கள், அதாவது மின்னைத் தேக்கும் சிறு உருளைகள். 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த போட்களில் புரொசசரைச் சுற்றி நிற்பவற்றின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியதை அதே மைக்ரோஃபரட், அதே அல்லது கூடிய வோல்ட், 105 பாகை செல்சியஸ் தாங்கும், குறைந்த ஈஎஸ்ஆர் (உள்தடை) வகையால் மாற்றுங்கள்.

பவர் சப்ளையின் பின்புறச் சிவப்புச் சுவிட்சை மறக்கவே கூடாது. அது வோல்ட் தெரிவுச் சுவிட்ச்; வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி 115இல் நிற்கலாம். நம் வீட்டு 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் வெடிக்கும். பிறகு ஏடிஎக்ஸ் வகை சப்ளையை போட்டில் மாட்டாமல், மின் இழுக்கும் பாரமாக ஒரு பழுதான ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கொடுத்து, பச்சை வயரைக் கறுப்போடு இணைத்து மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள். சிவப்பு வயரில் 4.75 முதல் 5.25 வோல்ட் வரை, மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை வரவேண்டும். வராத சப்ளையைத் திறந்து பார்க்க வேண்டாம்.

பழைய பாகங்களைச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டரைக் கட்டுவதென்றால், திட்டத்தை மதர்போட்டிலிருந்து தொடங்குங்கள். எங்கள் தேர்வு இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள போட்: அதில் பென்டியம் 3, 256 எம்பி பிசி100 வகை ராம், விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு. 512 எம்பிக்கு மேல் ராம் போட்டால் 98 தடுமாறும். டொஸ் (விண்டோஸுக்கு முந்திய இயங்குதளம்) விளையாட்டுகளுக்கு ஐஎஸ்ஏ என்ற பழைய வகைச் செருகிடத்தில் பொருந்தும் சவுண்ட் கார்ட்டே வேண்டும். அதற்குப் பின் வந்த பிசிஐ வகைக் கார்ட் பல விளையாட்டுகளில் ஊமையாகிவிடும். பழைய 3.3 வோல்ட் ஏஜிபி (வீடியோ) கார்ட்டை 1.5 வோல்ட் போட்டில் அழுத்திச் செருகாதீர்கள், இரண்டும் போகும். டிஸ்க்குக்குப் பதிலாக, சிஎஃப் மெமரி கார்ட்டை டிஸ்க் வயரில் இணைக்கும் சிஎஃப்-ஐடிஈ அடாப்டரும் 4 ஜீபி கார்ட்டும் போதும்; சத்தமும் இல்லை. சில்லறைச் சாமான்களுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு, பழைய கார்ட்களை விசாரிக்கப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா.

முதல் சோதனைக்குப் புரொசசர், ஒரு ராம், வீடியோ கார்ட், ஸ்பீக்கர் மட்டும் போதும். அவார்ட் பயாஸ் (போட்டில் பதிந்துள்ள தொடக்க மென்பொருள்) உள்ள போட்டில் ஒரு நீண்ட பீப், இரண்டு குறுகிய பீப் என்றால் வீடியோ கார்ட்டில் சிக்கல். கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூளை ஊதிவிட்டு மறுபடி செருகுங்கள். ஒற்றைக் குறும் பீப் கேட்ட பிறகு டிஸ்க்கை மாட்டலாம்.