குதிரைக்கு ஓயாத கழிச்சலும் மெலிவும்: மாட்டு வைத்தியத்தால் நேரும் தவறுகள்

காவிரிப் படுகையில் மாடு வளர்க்கத் தெரியாத ஊர் இல்லை. குதிரையோ எல்கைப் பந்தயத்துக்காகவும் திருமண ஊர்வலத்துக்காகவும் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே வளர்க்கப்படுகிறது. அதனால் குதிரைக்கு நோய் கண்டால் மாட்டுக்குச் செய்து பழகிய வைத்தியமே முதலில் கைக்கு வருகிறது. மாடு தீவனத்தை முன்வயிற்றிலேயே நொதிக்க வைத்துவிடும். குதிரைக்கு அந்த வேலை குடலின் பிற்பகுதியில், பெருங்குடலில், நடக்கிறது. லத்தியிலுள்ள நீரை உறிஞ்சுவதும் அதே பெருங்குடல்தான். ஆகவே வளர்ந்த குதிரை ஒரு மாதத்துக்கு மேல் கழிந்துகொண்டே மெலிந்தால், கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மாட்டுக்கு வாங்கி மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்துப் புகட்டுவதுதான் இந்தத் தவறுகளில் ஆபத்தானது. வாய்வழி டெட்ராசைக்ளினும் லின்கோமைசினும் குதிரையின் பெருங்குடலில் வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களை அழித்து, உயிரையே பறிக்கும் குடல் அழற்சியை உண்டாக்கக்கூடும். கழிச்சல் நிற்கட்டும் என்று தண்ணீரைக் குறைப்பதும் அதே அளவுக்குத் தவறு. வெளியேறும் நீரையும் உப்பையும் ஈடுசெய்ய, சுத்தமான தண்ணீர் ஒரு தொட்டியிலும் உப்புக் கரைசல் தனியாக இன்னொரு தொட்டியிலும் எப்போதும் இருக்க வேண்டும்.

குடற்புழு விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். லத்திப் பரிசோதனையில் முட்டை இல்லை என்று வந்ததும் புழுவே இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். சிறு உருண்டைப்புழுக்களின் இளம்புழுக்கள் பெருங்குடல் சுவருக்குள் மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும்; முதிராத புழு முட்டையிடாது, ஆகவே கணக்கில் வராது. அவை ஒரே நேரத்தில் சுவரைக் கிழித்து வெளிவரும்போதுதான் கடும் கழிச்சலும் வேகமான மெலிவும் தோன்றுகின்றன. லத்தியில் மெல்லிய சிவப்பு இழைகளாக அவற்றைச் சில வேளை கண்ணாலேயே பார்க்கலாம். பதுங்கியிருக்கும் இந்தப் புழுக்களை ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து பெரிதாகத் தொடுவதில்லை, மாக்சிடெக்டின் என்ற மருந்து தொடும். ஆனால் ஏற்கெனவே எலும்பும் தோலுமாகிவிட்ட குதிரைக்கு மருத்துவர் மேற்பார்வையின்றி அதைக் கொடுத்தால், மொத்தமாகச் சாகும் புழுக்களாலேயே குடல் அழற்சி முற்றக்கூடும். வாய்க்கால் ஓரப் புல்லில் மேயும் குதிரைக்கு நத்தை வழியாகப் பரவும் தட்டைப்புழுவும் வரலாம். அதற்கு ஐவர்மெக்டின் பயன்படாது.

வேதாரண்யம் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் தரையில் கொட்டித் தீனி போடுவது தனித் தவறு. புல்லோடு சேர்ந்து விழுங்கும் மணல் பெருங்குடலில் தங்கி உராய்ந்து கழிச்சலை உண்டாக்கும். ஒரு பிடி லத்தியைக் கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிச் சிறிது நேரம் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் தீனியைத் தொட்டிக்கு மாற்றிவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். மணல் படியாததால் மட்டும் குடலில் மணல் இல்லை என்றாகாது.

மெலிந்த குதிரையைத் தேற்றக் கொள்ளுத் தீனியைக் கூட்டுகிறவர்கள் உண்டு. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியைக் குதிரைக்காரர்கள் மட்டும் மறந்துவிடுகிறார்கள் போலும். சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளித்துக் கழிச்சலை வளர்ப்பதோடு, குளம்பு அழற்சியையும் கொண்டுவரும். அறுகம்புல் போன்ற நல்ல புல்லே அடிப்படைத் தீனியாக இருக்க வேண்டும். எந்தத் தீவன மாற்றத்தையும் ஓரிரு வாரத்தில் படிப்படியாகவே செய்ய வேண்டும். கோழித் தீவனத்தை ஒருபோதும் கொடுக்கக்கூடாது. அதில் கலக்கப்படும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும்.

கால் நொண்டும் பந்தயக் குதிரைக்கு ஃபினைல்பியூட்டசோன் போன்ற வலி மருந்தைத் தொடர்ந்து கொடுத்து வந்தால் பெருங்குடலில் புண் உண்டாகலாம். புண் வழியே புரதம் கசிந்து அடிவயிற்றில் நீர் கோக்கும். அங்கே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும். இந்தக் குழியைப் பார்த்தும் வலி மருந்தைப் பற்றி மருத்துவரிடம் வாய் திறக்காமல் இருப்பவர்கள் அதிகம். மெலிவோடு விட்டுவிட்டுக் காய்ச்சலும் இருந்தால், ஈ கடித்துப் பரவும் சர்ரா நோயையும் இரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மெலிவைக் கண்ணால் மதிப்பிடுவது ஏமாற்றும். வயிறு பெருத்திருக்கும்போதே முதுகுத்தசை வற்றியிருக்கும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தையும் செ.மீ.யில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவாலும் பிறகு நீளத்தாலும் பெருக்கி 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் ஏறத்தாழக் கிடைக்கும். சுற்றளவு 145, நீளம் 135 என்றால் சுமார் 239 கிலோ. வாரம் ஒருமுறை அளந்து எழுதி வைப்பது மருந்தளவுக்கும் உதவும்.

ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள மருந்தகத்துக்கோ போகும்போது அந்தக் குறிப்பையும், கொடுத்த மருந்துகளின் அட்டைகளையும், புதிதாக விழுந்த லத்தியையும் எடுத்துச் செல்லுங்கள். கழிச்சலை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி எல்லா லத்தியிலும் வெளிவராது என்பதால் பல நாள் மாதிரிகள் தேவைப்படலாம். அது மனிதருக்கும் தொற்றும். முடிவு வரும்வரை குதிரையைத் தனியே கட்டுங்கள், லாயத்தைக் கழுவிய தண்ணீரை மாடுகள் குடிக்கும் வாய்க்காலில் விடாதீர்கள்.