விறகு பாய்லர் வாங்குவது எப்படி? முக்கியமாக நடுக்குழாயைப் பாருங்கள்

சென்னையில் வீட்டைச் சூடாக்க வேண்டியதில்லை; நமக்கு வேண்டியது வெந்நீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, ஹீட்டரும் இல்லை. மூட்டுவலிக்காரரான அம்மாவுக்கு கேஸ் அடுப்பில் குண்டான் குண்டானாகச் சுடவைத்துக் கொடுத்தோம். அப்போதுதான், நடுக்குழாயில் விறகோ கரியோ எரித்து வெந்நீர் போடும் பாட்டி வீட்டுச் செம்பு பாய்லரின் அருமை புரிந்தது. புதிதாக வாங்குகிறவர்கள் இந்த வரிசையில் பாருங்கள்.

1. வைக்க இடம் இருக்கிறதா?
கொல்லைப்புறம், மொட்டைமாடி, திறந்த முற்றம் இவற்றில் ஒன்று இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். மூடிய குளியலறையில் கரியோ விறகோ எரிக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. கரியில் புகை வராததால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

2. அளவு
நாலு பேர் வீட்டுக்கு 20 முதல் 25 லிட்டர் போதும். 20 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர, பாதிச் சூடு புகையோடு போனாலும், நன்றாகக் காய்ந்த சவுக்கு விறகு சுமார் 200 கிராம் ஆகும்.

3. உலோகம்
செம்புதான் என் தேர்வு. எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்தும். தகரத்தில் துத்தநாகம் பூசியது விலை குறைவு. ஆனால் பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரத்தில் உப்புக்காற்று அதைச் சீக்கிரமே துருவாக்கிவிடும். செம்பை எடைக்குத்தான் விற்பார்கள் என்பதால் தகடு எத்தனை கேஜ் என்று கேளுங்கள். எண் குறையக் குறையத் தகடு கனம்: 18 கேஜ் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், 22 கேஜ் 0.7 மில்லிமீட்டர்தான்.

4. நடுக்குழாய்
பாய்லரின் ஆயுள் இங்கேதான் இருக்கிறது. நெருப்பு எரிவது இந்தக் குழாய்க்குள். தண்ணீர் அதைச் சுற்றி நிற்கிறது. வெளிப்புறம் எவ்வளவு பளபளத்தாலும், குழாயும் அடித்தட்டும் சேரும் இடம் பலவீனமாக இருந்தால் பாய்லர் வீண். அந்த இணைப்பு வெறும் ஈயப்பற்றா, பித்தளை உருக்கிப் பற்றவைத்ததா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். சாதாரண ஈயப்பற்று 200 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். தண்ணீர் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. தண்ணீர் தீர்ந்து நெருப்பு மட்டும் எரிந்தால் விட்டுப்போகும். நான் முதலில் வாங்கியது ஒரே மார்கழியில் அப்படித்தான் போனது. கடைக்காரரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

அதனால், மேலே புனலில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் வெந்நீர் தானாக வழிந்து வரும் அமைப்பையே தேடுங்கள். புனல் குழாய் அடிவரை போகும். ஊற்றிய அளவுக்குத்தான் வெளியே வரும், உள்ளே வற்றாது. அடியில் பைப் வைத்த மாதிரியானால் கவனக்குறைவாகக் காலி செய்துவிட வாய்ப்புண்டு.

5. கடையிலேயே சோதனை
பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழையது கிடைத்தாலும் சரி, புதிதானாலும் சரி, முழுக்கத் தண்ணீர் நிரப்பி அரைமணி நேரம் வையுங்கள். பிறகு நடுக்குழாய்க்குள் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு துளி ஈரம் தெரிந்தாலும் வேண்டாம். சாம்பல் விழும் சல்லடைத் தட்டு கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். முதலில் தேய்வது அதுதான். நீராவி வெளியேறும் வழியை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.

6. முதல்முறை பற்றவைத்தல்
முதலில் தண்ணீர், பிறகுதான் நெருப்பு. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டு எதையும் போடாதீர்கள். அந்தப் புகை நச்சு. ஈயப்பற்று உள்ள பாய்லர் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம், குளிக்க மட்டும்.

போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் உள்ளே வெள்ளையாக உப்பு படியும். படிவு கனத்தால் விறகு கூடுதலாகச் செலவாகும். மாதம் ஒருமுறை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். கோடையில் உபயோகிக்காதபோது முழுக்க வடித்து, கவிழ்த்து, உலர வைத்து எடுத்து வையுங்கள்.