பீரியட்ஸ் ஒரு வாரம் தாண்டியும் நிக்கலையா?

எங்க அக்கா பொண்ணுக்கு 13 வயசு, பத்து நாளாகியும் பீரியட்ஸ் நிக்கல, யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கா, கீழ் இமைய இழுத்துப் பாத்தா உள்ள வெளுத்துப் போயிருந்துச்சு, ரத்தசோகை இருக்கலாம்ங்கறதுக்கு அறிகுறி அது. வயசுக்கு வந்த முதல் ரெண்டு மூணு வருஷம் கருமுட்டை மாசாமாசம் ஒழுங்கா வெளிய வராததால இப்படி இழுக்கறது உண்டுதான், ஆனா 7 நாளுக்கு மேல போனா "வயசு அப்படி, சரியாயிடும்"னு விடாதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

தேதி, எத்தன பேட், எவ்ளோ நனைஞ்சிருக்கு, கட்டி வந்துச்சா, எல்லாத்தையும் அவளையே எழுதி வைக்கச் சொல்லுங்க, டாக்டர் அதத்தான் கேப்பாங்க. ஹீமோகுளோபின் கூட ஃபெரிட்டினும் (உடம்புல இரும்புச்சத்து எவ்ளோ சேமிப்பு இருக்குன்னு காட்டற டெஸ்ட்) பாக்கணுமான்னு கேளுங்க, ஏன்னா ஹீமோகுளோபின் நார்மலா இருந்தும் இரும்புச்சத்து காலியா இருக்கலாம். குடும்பத்துல யாருக்காவது பல்லு புடுங்கி ரத்தம் லேசுல நிக்காம இருந்திருந்தா அதையும் மறக்காம சொல்லுங்க, ரத்தம் உறையுறதுல பிரச்சனை இருக்கான்னு பாப்பாங்க. வலிக்கு ஆஸ்பிரின் மட்டும் வேணவே வேணாம், ரத்தப்போக்கு கூடும்.

மணிக்கு ஒரு பேட் முழுசா நனைஞ்சு அப்படியே ரெண்டு மணி நேரம் போனாலோ, மயக்கம் வந்தாலோ, காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, உடனே எமர்ஜென்சி.

அப்புறம் ராத்திரிக்கு பெட்ல ஒரு பழைய டவல், அவ கேக்கறதுக்கு முன்னாடியே விரிச்சு வெச்சுடுங்க, வாயத் தொறந்து கேக்க மாட்டா.