எண்ணெய் சிந்திய மண்ணைச் சோதிப்பது எப்படி: ஆய்வக மேசையிலிருந்து

ஒருமுறை பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு மண் வந்தது. கூடவே ஒரு தாள்: ‘பென்சீன், டீசல் இரண்டும் பார்க்கவும்.’ டீசலையாவது தேடிப் பார்க்கலாம். பென்சீன் 80 டிகிரியிலேயே கொதிக்கிற பொருள். பை அதைப் பிடித்து வைக்காது. ‘இல்லை’ என்று முடிவு வந்தால், மண்ணிலேயே இல்லையா, வழியில் பறந்துவிட்டதா என்று எப்படிச் சொல்வது? திருப்பி அனுப்பினேன். அனுப்பியவருக்குக் கோபம்தான்.

அதனால் மாதிரி எடுக்கும்போதே இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வகை, அதாவது மூலக்கூறில் கார்பன் அணுக்கள் 6 முதல் 10 வரை உள்ளவை, ஆவியாகிற கூட்டம். அதற்கு நுனி வெட்டிய சிரிஞ்சால் சுமார் 5 கிராம் மண்ணை எடுத்து, மெத்தனால் ஊற்றி முன்கூட்டியே எடை பார்த்த 40 மில்லி குப்பியில் உடனே போட்டு மூட வேண்டும். கிளறக் கூடாது, சலிக்கக் கூடாது. குப்பியின் வாயில் மண் ஒட்டியிருந்தால் துடையுங்கள்; இல்லாவிட்டால் மூடி சரியாக உட்காராது. லேபிளை முதலிலேயே ஒட்டி எடை பாருங்கள். பிறகு ஒட்டினால் லேபிளின் எடையும் மண் கணக்கில் சேர்ந்துவிடும். சில மார்க்கர் பேனா மையில் சைலீன் உண்டு. தேடுகிற பொருளையே கொண்டு பெயர் எழுத வேண்டாம்.

டீசலும் அதைவிடக் கனமான எண்ணெயும் இவ்வளவு அவசரப்படுத்தாது. டெஃப்லான் உள்மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் இடைவெளி இல்லாமல் நிரப்பி, ஐஸில் வைத்து 4 டிகிரியில் அனுப்பினால் போதும். 14 நாளுக்குள் கரைப்பானில் பிரித்தெடுக்க வேண்டும். எடுத்த கரைசலை 40 நாளுக்குள் கருவியில் ஏற்ற வேண்டும். ஜாடி திறந்ததும் மோந்து பார்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. விட்டுவிடுங்கள், பென்சீன் புற்றுநோய் தருவது.

மேசைக்கு வந்த டீசல் ஜாடி மண்ணில் கல், வேர் பொறுக்கிவிட்டு 10 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு கரண்டி மண் ஈரப்பதம் பார்க்க 105 டிகிரி அடுப்புக்குப் போகட்டும். நிறுத்த மண்ணோடு, ஈரத்தை உறிஞ்ச, நீரற்ற சோடியம் சல்பேட்டைக் கலந்து, பொலபொலவென்று உதிரும்வரை கிளறுங்கள். களிமண்ணில் இதற்குப் பொறுமை வேண்டும்: ஈரக் கட்டி ஒன்று மிஞ்சினாலும் அதற்குள் கரைப்பான் நுழையாது, உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வராது. கரைப்பான் ஊற்றுவதற்கு முன்பே ஆர்த்தோ டெர்ஃபீனைல் என்ற அடையாளப் பொருளை அளந்து சேர்த்துவிடுங்கள். போட்டதில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதே உங்கள் வேலையின் மதிப்பெண்.

பிரித்தெடுக்க, சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைக் கொதிக்கவைத்து மண் வழியே திரும்பத் திரும்ப ஓடவிடும் கண்ணாடிக் கருவி) 16 முதல் 24 மணி நேரம், மணிக்கு 4 முதல் 6 சுற்று. அல்ட்ராசோனிக் (மீயொலி அதிர்வு) முறையில் நிமிடங்களில் முடியும். என்றாலும் களிமண் என்றால் நான் சாக்ஸ்லெட்டைத்தான் பூட்டுவேன். கரைப்பானான டைக்ளோரோமீத்தேன் மெல்லிய நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். மேலே பட்டால் உடனே கழற்றி எறியுங்கள். வேலை முழுக்க ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள்தான்.

கரைசலைச் சுண்ட வைக்கும் இடத்தில் நான் ஒருமுறை வழுக்கியிருக்கிறேன். நைட்ரஜனை ஊதவிட்டு வேறு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தால் குழாய் காய்ந்து கிடந்தது. கரைப்பான் ஊற்றிக் கருவியில் ஏற்றினேன். டெர்ஃபீனைல் 94 சதவீதம் வந்ததும் நிம்மதி. ஆனால் டீசலின் முன்பகுதி, கார்பன் 10 முதல் 12 வரை, காணவே இல்லை. டெர்ஃபீனைல் 330 டிகிரிக்கு மேல் கொதிப்பது. அது எங்கே போகும்? லேசானவை பறந்தால் அது காட்டிக்கொடுக்காது. கடைசி 1 மில்லியில் பக்கத்திலேயே நில்லுங்கள்.

20 மாதிரிக்கு ஒரு தொகுதி என்றால், அதோடு ஒரு சுத்த மணல், அளந்து எண்ணெய் சேர்த்த மண் ஒன்று, ஒரே மண்ணின் இரட்டைப் பதிவு ஒன்று. இவற்றை விடக் கூடாது.

இனி எஃப்.ஐ.டி. (சுடரில் எரித்து அளக்கும் உணரி) பொருத்திய கேஸ் குரோமட்டோகிராஃப்: கலவையைப் பிரித்து வரைபடமாகக் காட்டும் கருவி. எண்ணைப் பார்க்கும் முன் அது வரையும் படத்தை, அதாவது குரோமட்டோகிராமை, பாருங்கள். புது டீசல் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கும். நாள்பட்டதில் நேர்ச்சங்கிலிகளை நுண்ணுயிர்கள் முதலில் தின்றுவிடுவதால், கிளைச்சங்கிலிகளான பிரிஸ்டேன் கார்பன் 17க்குப் பக்கத்திலும், ஃபைட்டேன் 18க்குப் பக்கத்திலும் உயர்ந்து தெரியும். எஞ்சின் ஆயில் பற்களே இல்லாத திமில். கார்பன் 27, 29, 31 என ஒற்றைப்படை மட்டும் தலை தூக்கினால் அது இலை மெழுகு, எண்ணெய் அல்ல. கரைசலைச் சுத்திகரிக்கும் சிலிக்கா ஜெல் கொழுப்பு அமிலங்களைப் பிடிக்கும், இந்த மெழுகு ஆல்கேன்களை விட்டுவிடும். இங்கே கண்தான் வடிகட்டி. பழைய அறிக்கைகளில் ஃப்ரியான் என்ற கரைப்பானும் அகச்சிவப்பு ஒளியும் கொண்டு அளந்த எண் கிடைக்கும். ஓசோன் படலத்தைக் காக்க வந்த 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அந்தக் கரைப்பான் ஒதுக்கப்பட்டது. படமே இல்லாத அந்த எண்ணை இன்றைய எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

கணக்கு எளிது. 10 மில்லி கரைசலில் மில்லிக்கு 640 மைக்ரோகிராம் என்றால் மொத்தம் 6400. நிறுத்த 10 கிராம் மண்ணில் ஈரம் 18 சதவீதம் என்றால் உலர் எடை 8.2 கிராம். வகுத்தால் கிலோவுக்கு 780 மில்லிகிராம். ஈரத்தைக் கழிக்காமல் விட்டால் 640 என்று வரும். எந்த எடையில் சொல்கிறீர்கள் என்பதை அறிக்கையில் எழுதுங்கள். குரோமட்டோகிராமையும் சேர்த்து அனுப்புங்கள், கேட்காவிட்டாலும்.